மூன்று மணிக்கு இருட்டும் வீடு – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கு உசிலம்பட்டி பக்கத்தில் ஒரு கிராமம். மதுரையில் நர்சிங் படித்தேன். இப்போது ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாண்ட் தீவில், லெர்விக் என்ற ஊரில் வேலை. கணவர், ஏழு வயது மகன், நான் என்று மூன்று பேர். இது எங்களுக்கு இங்கே இரண்டாவது குளிர்காலம்.

டிசம்பரில் காலை ஒன்பது மணிக்கு விடிகிறது, மதியம் மூன்று மணிக்குப் பொழுது போய்விடுகிறது. காற்று பலமாக அடித்தால் அபர்டீனிலிருந்து வரும் கப்பல் நின்றுவிடும். அப்புறம் கடையில் பாலும் ரொட்டியும் காலியாகிவிடும். வெளியே போக முடியாத நாட்கள்தான் அதிகம். அதனால் அக்டோபரிலிருந்து வீட்டுக்குள்ளேயே படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பாதி ஃபோனில், பாதி ஒரு பழைய கேமராவில்.

எடுத்ததையெல்லாம் போட்டுப் பார்த்தால் ஒரே படமாகத் தெரிகிறது. அதே மேஜை, அதே மஞ்சள் விளக்கு, அதே கறுப்பு ஜன்னல். உடன் வேலை செய்பவர்கள் வானத்தில் ஆடும் பச்சைத் துருவ வெளிச்சத்தையும் பாறையில் மோதும் கடலையும் எடுக்கிறார்கள். நானும் அதைத்தான் எடுக்க வேண்டுமோ? பனியாவது கொட்டும் என்று பார்த்தால் அதுவும் இங்கே நிலைப்பதில்லை. அம்மாவுக்கு அனுப்பினால், “ஏத்தா, வீடு ஏன் இப்பிடி இருண்டு கெடக்கு? கரண்டு இல்லையா?” என்று அழுகிறார். இன்னொரு சிக்கல், சாயங்காலப் படங்களில் ஜன்னல் கண்ணாடியில் என் உருவம் விழுந்துவிடுகிறது. அதை எப்படித் தவிர்ப்பது?

40 படங்கள் இணைத்திருக்கிறேன். தேனி ரோட்டுப் பக்கம் போனால் அம்மாவை ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள். விலாசம் தனியாக அனுப்பியிருக்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

அன்புடன்,
லெர்விக்கிலிருந்து ஒரு உசிலம்பட்டிக்காரி

*

அன்புள்ள சகோதரிக்கு,

40 படங்களையும் மூன்று நாளாகத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முதல் நாள் எனக்கும் ஒரே படமாகத்தான் தெரிந்தது. இரண்டாம் நாள் அவற்றைத் தேதி வாரியாக அடுக்கினேன். அடுக்கியதும் படங்கள் பேச ஆரம்பித்தன. அக்டோபர் படத்தில் மேஜை விளிம்பு வரை வெயில் வந்து நிற்கிறது. நவம்பரில் அது மேஜையைத் தாண்டி எதிர்ச்சுவரில் இருக்கும் காலண்டரைத் தொடுகிறது. டிசம்பரில் அரை மணி நேரம் வந்துபோன ஒரு கோடுதான் இருக்கிறது. உங்கள் மகன் அக்டோபரில் நாற்காலியில் முட்டி போட்டு நின்று எழுதுகிறான். கடைசிப் படங்களில் உட்கார்ந்தே எழுதுகிறான், அந்த அளவுக்கு வளர்ந்துவிட்டான். இடம் மாறியிருந்தால் இந்த இரண்டையும் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அதே மேஜையை எடுத்ததால்தான் தெரிகிறது.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்: அந்த மேஜையை விட்டு நகராதீர்கள்.

நான் சிம்மக்கல் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் 11 வருஷம் உதவியாளாக இருந்தவன். கல்யாணம், காதணி விழா, வளைகாப்பு என்று ஆயிரக்கணக்கில் எடுத்திருக்கிறேன். உசிலம்பட்டிப் பக்கத்துக் காதணி விழா எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மொய் எழுதுகிறவரிலிருந்து தாய்மாமன் சீர் இறக்குவது வரை ஒன்று விடாமல் ஆல்பத்தில் வந்துவிடும். ஆனால் நம் ஊர் வீடுகளில் எந்த ஆல்பத்தைப் பிரித்தாலும் விசேஷ நாள்தான் இருக்கும். எல்லாரும் பட்டு கட்டி, வரிசையாக நின்று, நேராகப் பார்ப்பார்கள். விசேஷத்துக்கும் விசேஷத்துக்கும் நடுவில் அந்தக் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதற்கு ஒரு படம்கூடக் கிடைக்காது. என் அம்மா 40 வருஷம் ஒரே அடுப்படியில் சமைத்தார். அந்த அடுப்படியில் அவர் இருக்கிற படம் என்னிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. ஸ்டுடியோ டிஜிட்டலுக்கு மாறியபோது பழைய நெகட்டிவ்களை மூட்டையாகக் கட்டித் தூக்கிப் போட்டார்கள். அதற்குள் என் வீட்டு ரோல்களும் போய்விட்டன. அன்றைக்குக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளாமல் விட்டது இன்றும் உறுத்துகிறது.

மிஞ்சிய அந்த ஒரு படம் கத்திரி வெயிலில் எடுத்தது. அதைப் பற்றிச் சொன்னால் உங்கள் குளிர்காலத்தைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பது புரியும்.

மதுரையில் வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். மார்கழிக் குளிர் நம்மை வீட்டுக்குள் அடைப்பதில்லை. சொல்லப்போனால் அதிகாலையிலேயே கோலம் போட வெளியே இழுத்து வந்துவிடுகிறது. நம்மை வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவது சித்திரையும் வைகாசியும்தான். அக்னி நட்சத்திரத்தில் பதினோரு மணிக்கு ஜன்னலைச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்போம். வாசலில் ஈரச் சாக்கு தொங்கும். சூரியன் ஏறக்குறைய உச்சியில் நிற்பதால் அறைக்குள் வெயில் வராது. முற்றத்தில் ஒரு கட்டம் மட்டும் பளீரென்று விழும். அந்தத் தரையிலிருந்து எழும்பி வரும் வெளிச்சம்தான் வீட்டுக்கு. முகங்கள் கீழிருந்து வெளிச்சம் பெறும். அம்மா மணைப்பலகையைத் தலைக்கு வைத்து வெறும் தரையில் படுத்திருப்பார், நெற்றி இருட்டிலும் தாடை வெளிச்சத்திலும் இருக்கும். அந்த ஐந்து மணி நேரத்தில் யாரும் எதையும் செய்வதில்லை. யாருக்காகவும் முகத்தை வைத்துக்கொள்வதும் இல்லை.

உங்களுக்கு அங்கே குளிர்காலம் அப்படி. குடும்பத்தை ஒரே அறையில் அடைத்து, கூட இருப்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் செய்கிற பருவம் எதுவோ, அதுதான் அந்த ஊரில் குடும்பத்தைப் படம் எடுக்கும் பருவம். பனி கொட்டவில்லை என்று வருத்தப்படாதீர்கள். அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் அந்தத் தீவுகளைச் சுற்றிப் போவதால், அவ்வளவு வடக்கே இருந்தும் அங்கே பனி நிலைப்பதில்லை. ஷெட்லாண்டின் குளிர்காலம் என்றால் காற்றும் இருட்டும்தான். அது உங்கள் படங்களில் இருக்கிறது. 17ஆம் படத்தில் கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்திருக்கிறீர்களே, அதைப் பார்த்ததும் எனக்குக் காற்றுச் சத்தம் கேட்டுவிட்டது.

உங்கள் தீவுக்கு இதில் ஒரு முன்னோடி உண்டு. ஜென்னி கில்பர்ட்சன் என்ற பெண்மணி. 1902இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். 1930களின் தொடக்கத்தில் தனி ஆளாக ஒரு சினிமா கேமராவைத் தூக்கிக்கொண்டு ஷெட்லாண்டுக்கு வந்து, துண்டு நிலத்தில் ஆடு மேய்த்துப் பிழைக்கும் குடும்பங்களின் ஒரு வருஷ வாழ்க்கையைப் படம் பிடித்தார். நிலக்கரியாக மாறாத சதுப்புநில மண்ணை வெட்டிக் காயவைத்து அடுப்பெரிக்கிற வேலையெல்லாம் அதில் வரும். தன் படத்தில் நடித்த ஷெட்லாண்டுக்காரரையே கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டார். பிள்ளைகளை வளர்த்தார், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினார். பல வருஷம் கேமராவைத் தொடவில்லை. கணவர் இறந்த பிறகு மறுபடி எடுத்தார். எழுபது வயதைத் தாண்டிய பிறகு கனடாவின் வடகோடியில், எல்ஸ்மியர் தீவில் இருக்கும் கிரைஸ் ஃபியோர்ட் என்ற சின்னஞ்சிறு ஊருக்குப் போய், இன்யூட் என்ற பழங்குடிக் குடும்பங்களோடு ஒரு வருஷத்துக்கு மேல் இருந்து படம் எடுத்தார். அந்த ஊர் 76ஆம் அட்சரேகையில் இருக்கிறது. நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை அங்கே சூரியனே எழுவதில்லை. அந்த ஊருக்கு இன்யூட் பெயர் ‘ஔயுயிட்டுக்’. என்றும் உருகாத இடம் என்று பொருள். அங்கே இருந்தவர்களும் அந்த இடத்தைத் தாங்களாகத் தேர்ந்தெடுத்தவர்கள் கிடையாது. 1953இல் கனடா அரசு தெற்கிலிருந்து கொண்டுபோய் இறக்கிய குடும்பங்கள் அவை. 2010இல்தான் அரசு அதற்கு மன்னிப்புக் கேட்டது. அப்படிப்பட்ட வீடுகளுக்குள் வெளியாள் ஒருவர் கோடையில் வந்து ஒரு வாரம் படம் எடுத்துவிட்டுப் போவதற்கும், இருட்டு முழுக்க அவர்களோடு இருந்து எடுப்பதற்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

அதேபோல மார்கரெட் ஃபே ஷா. அமெரிக்காவில் பிறந்தவர். ஸ்காட்லாந்துக்கு மேற்கே சவுத் யூயிஸ்ட் தீவில் இரண்டு சகோதரிகளின் வீட்டில் 1929 முதல் 1935 வரை தங்கினார். பாட்டு சேகரிக்கத்தான் போனார். ஆனால் அந்த ஆறு வருஷத்தில் அவர் எடுத்த வீட்டுப் படங்களைப் பார்த்தால், யாரும் கேமராவுக்காக நிற்கவில்லை என்பது தெரியும். ஆறு குளிர்காலம் ஒரே அடுப்பங்கரையில் கதை கேட்டவருக்கு யார் எழுந்து நின்று முகம் காட்டுவார்கள்?

நீங்கள் வெளியாள்கூட இல்லை. அந்த வீட்டுக்காரி. அவர்கள் வருஷக்கணக்கில் இருந்து சம்பாதித்த இடம் உங்களுக்கு முதல் நாளே கிடைத்திருக்கிறது.

வானத்து வெளிச்சத்தை எடுக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஷெட்லாண்டுக்காரர்கள் அதை ‘மிரி டான்சர்ஸ்’ என்று எவ்வளவு ஆசையாகச் சொல்கிறார்கள். அது வருகிற ராத்திரி மகனை எழுப்பிக் கம்பளியைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போவீர்கள் இல்லையா? அப்போது வானத்துக்கு முதுகைக் காட்டி நின்று, அவன் முகத்தை எடுங்கள். ஜனவரி கடைசிச் செவ்வாய்க்கிழமை உங்கள் ஊரில் அப் ஹெல்லி ஆ திருவிழா. தீப்பந்தத்தோடு ஊர்வலம் போய்க் கடைசியில் மரக்கப்பலைக் கொளுத்துவார்கள். அதை எடுக்க ஊரே நிற்கும். மறுநாள் புதன்கிழமை ஊருக்கு விடுமுறை, அந்தக் காலையில் உங்கள் வீட்டை எடுங்கள். இங்கே சித்ரா பௌர்ணமி அன்று அழகர் ஆற்றில் இறங்குவதை லட்சம் பேர் எடுக்கிறார்கள். நான் சில வருஷமாக அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்து, மத்தியானம் எங்கள் கூடத்தில் 14 பேர் குறுக்கும் நெடுக்குமாகத் தூங்குவதை எடுக்கிறேன். ஒருவர் கால் இன்னொருவர் தலைமாட்டில் இருக்கும். விசிறி கையிலிருந்து நழுவிக் கிடக்கும். யாரோ ஒரு குழந்தையின் கையில் தண்ணீர் பீச்சுகிற தோல்பை. எனக்கு அந்தப் படங்கள்தான் திருவிழா.

சரி, கைவேலைக்கு வருவோம். லெர்விக்கில் டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் தொடுவானத்துக்கு மேலே ஏழு டிகிரிகூட ஏறாது. தெற்கு ஜன்னல் வழியாக வருகிற வெயில் படுக்கைவாட்டில் அறையைக் கடந்து எதிர்ச்சுவர் வரைக்கும் போகும். உங்கள் காலண்டர் மேல் விழுந்தது அதனால்தான். அது வருகிற அரை மணி நேரத்தைத் தினமும் குறித்துவையுங்கள்.

அதைவிட நல்ல நேரம் பொழுது விழுந்த பிறகு. இங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக விழுவதால் அந்திவெளிச்சம் இருபது நிமிஷத்துக்கு மேல் கொஞ்சம்தான் தாங்கும். அங்கே சாய்வாகச் சறுக்கிக்கொண்டே போவதால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நிற்கும். அந்த நேரத்தில் ஜன்னல் நீலம், விளக்கு மஞ்சள், இரண்டும் ஒரே பலத்தில் இருக்கும். மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக் கழற்றுகிற நேரமும் அதுதான். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் அவனை உட்காரவைத்தால் ஒரு கன்னம் நீலம், ஒரு கன்னம் மஞ்சள். கேமராவில் நிறத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் அது இரண்டையும் சமப்படுத்தி அழித்துவிடும்.

முழுக்க இருட்டிய பிறகு எடுக்கும்போது கேமரா ஒரு தப்பு செய்யும். அது எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். இங்கே சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் வெள்ளை வேட்டி கட்டியவரை எடுத்தால் வேட்டி அழுக்காகவும் முகம் கரியாகவும் வருவது இதனால்தான். அங்கே நேர் எதிர். கறுப்பு ஜன்னல் படத்தில் பாதி இருந்தால், அதை வெளுப்பாக்குவதற்காக விளக்கையும் முகத்தையும் எரித்துவிடும். கேமராவில் வெளிச்ச அளவை ஒரு படி குறைத்து எடுங்கள். ஃபோனின் ராத்திரி மோடு மூன்று விநாடி எடுத்துக்கொள்ளும். பையன் அசைந்தால் புகையாகிவிடுவான், அவன் படிக்கும்போது மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். இன்னொன்று, வெளியிலிருந்து கேமராவை நேராக வெதுவெதுப்பான அடுப்படிக்குக் கொண்டுவராதீர்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வேர்ப்பதுபோல லென்ஸ் உள்ளேயும் வேர்க்கும். வாசலிலேயே பாலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, ஒரு மணி நேரம் கழித்துப் பிரியுங்கள்.

மகனிடம் கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாம் என்று சொல்கிற நாளில் கேமராவை வைத்துவிடுங்கள். பத்து வருஷம் கழித்து அவன் இந்தப் படங்களைப் பார்க்கப்போகிறவன்.

இனி அம்மா விஷயம். உங்கள் படங்களில் 12ஐ ஆறுக்கு எட்டு அளவில் மேட் பேப்பரில் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு, போன சனிக்கிழமை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். செக்கானூரணி தாண்டியதும் மொச்சை வாசனை ஜன்னல் வழியாக வந்தது. அம்மா திண்ணையில் சுளகை மடியில் வைத்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னதும் சுளகைக் கீழே வைக்காமலேயே எழுந்துவிட்டார், பாதி மொச்சை படியில் கொட்டிவிட்டது.

முதலில் அவருடைய ஃபோனை வாங்கிப் பார்த்தேன். உங்கள் வீடு ஏன் இருண்டு கிடக்கிறது என்பது அப்போதே புரிந்துவிட்டது. சார்ஜ் நிற்கவேண்டும் என்று உங்கள் தம்பி திரை வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து வைத்திருக்கிறார். அதை அம்மா தெருவெயிலில் உட்கார்ந்து பார்க்கிறார். அதில் பட்டப்பகல் படமே இருட்டாகத்தான் தெரியும். வெளிச்சத்தைக் கூட்டி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். நீங்களும் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளும் படத்தை இருட்டாகவே விட்டுவிட்டு, அம்மாவுக்கு அனுப்புவதை மட்டும் கொஞ்சம் வெளுப்பாக்கி அனுப்புங்கள். ஆனால் காகிதத்தில் பார்ப்பது வேறு. மாதம் ஒருமுறை நாலு படம் எனக்கு அனுப்பினால் பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிடுகிறேன், அதற்குக் காசு வேண்டாம்.

பிரிண்டை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். ஹீட்டரில் காலுறைகள் வரிசையாகக் காய்கிற படத்தில் வெகுநேரம் நின்றார். எண்ணிப் பார்த்தார். “பேரனோடது அஞ்சு சோடி. ஒரு நாளைக்கு எத்தனை சோடி நனைப்பான்?” என்றார். மேஜையில் தட்டு வைத்திருக்கிற படத்தில் தட்டில் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். இட்லி என்றதும் முகம் தெளிந்தது. இருட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

பத்து படம் பார்த்து முடித்துவிட்டு, “எம்மக எங்க?” என்று கேட்டார். “மாப்பிள்ளை இருக்காரு, பேரன் இருக்கான். அவ ஒண்ணுலயும் இல்லையே.” படம் எடுப்பதே அவள்தான், அதனால் வரமாட்டாள் என்று சொன்னேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டமாதிரியே தெரியவில்லை. பதினோராவது படத்தைக் கையில் எடுத்தார். 31ஆம் எண்ணுள்ள படம் அது. மகன் தலை கவிழ்ந்து எழுதுகிறான், பின்னால் கறுப்பு ஜன்னல், கண்ணாடியில் மங்கலாக ஓர் உருவம். ஃபோன் முகத்தை மறைத்திருக்கிறது. அம்மா அதைத் தூணோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார். கட்டைவிரலால் ஒரு இடத்தைத் தொட்டார். “இந்தா இருக்கா. வளையலைப் பாருங்க தம்பி. நான் போட்டுவிட்டது.”

ஜன்னலில் உருவம் விழாமல் எடுப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். வெளியே இருட்டி உள்ளே விளக்கு எரிந்தால் எந்தக் கண்ணாடியும் முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். கொஞ்சம் சாய்ந்து நின்று எடுத்தால் உங்கள் உருவம் சட்டத்துக்கு வெளியே போய்விடும். உங்களுக்குப் பின்னால் இருக்கும் விளக்கை அணைத்து, கறுப்புத் துணி போர்த்தி நின்றாலும் தெரியாது. கேட்டதற்காகச் சொல்லிவிட்டேன்.

அம்மா 11 படங்களைத் திருப்பிக் கவரில் போட்டு பீரோவுக்குள் வைத்தார். 31ஐ மட்டும் கூடத்தில் மாட்டியிருக்கும் உங்கள் கல்யாணப் படத்தின் சட்டத்தில் செருகிவிட்டார். புறப்படும்போது மொச்சை ஒரு பை நிறையக் கொடுத்து, அதையே பெரிசாக ஒன்று போட்டுத் தரச் சொன்னார். எட்டுக்குப் பன்னிரண்டில் போடக் கொடுத்திருக்கிறேன், திங்கட்கிழமை கிடைத்துவிடும்.

அன்புடன்,
அண்ணன்